கொப்பரை உலர்த்தியில் வெப்பச் சிக்கனம்

(தென்னை உழவர்களுக்கான பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேங்காயை உடைத்துக் களத்தில் பரப்பி, வெயிலில் காயவைத்துக் கொப்பரையாக்குவது நமக்கு வழிவழியாகப் பழகிய தொழில். காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்துக் களங்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வெயில் காசில்லாமல் கிடைக்கும் எரிபொருள். அதை மிஞ்சியது வேறொன்றும் இல்லை. ஆனால் வெயில் நம் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் சாரல் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. உடைத்த தேங்காய் இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்தால் பருப்பின் மேல் பிசுபிசுப்பு ஏறுகிறது. பிறகு பூசணம் பிடிக்கிறது.

இந்தப் பூசணத்தை வெறும் கறை என்று எண்ணித் துடைத்துவிட முடியாது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். கொப்பரையை ஆட்டிய பின் பிண்ணாக்கிலும் தங்கும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அதன் கூறு வந்து சேரும். ஆகவே மழைக்காலத்தில் கொப்பரையை விரைவாகவும் முழுமையாகவும் உலர்த்துவது விலைக்காக மட்டுமன்று, நம் வீட்டுப் பாலுக்காகவும் செய்யவேண்டிய வேலையாகும்.

இதற்காகவே சூடான காற்றைச் சுழலவிட்டு உலர்த்தும் உலர்த்திகள் வந்துள்ளன. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் தேங்காய்த் தொட்டியையே எரித்து, புகை படாமல் கொப்பரை உலர்த்தும் சாதனத்தை வடிவமைத்துள்ளது. தனியாரும் பல அளவுகளில் செய்து விற்கிறார்கள். ஆனால் உலர்த்தி வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. “கொப்பரை நன்றாகத்தான் வருகிறது, ஆனால் எரிக்கும் தொட்டிக்குக் கட்டுப்படியாகவில்லை” என்கிறார்கள். தென் மாவட்டங்களில் சிரட்டை என்று வழங்கும் இந்தத் தொட்டி இன்று குப்பையன்று. கரி சுடவும், அந்தக் கரியிலிருந்து செறிவூட்டிய கரி செய்யவும் விலைகொடுத்து வாங்கிப் போகிறார்கள். அடுப்பில் வீணாகும் ஒவ்வொரு கிலோவும் நம் பையிலிருந்து போகும் காசு.

குறை பெரும்பாலும் தொட்டியில் இல்லை; வெப்பம் போகும் வழியில் இருக்கிறது. அந்த வழிகளை அடைத்தால் அதே உலர்த்தியில், அதே கொப்பரையை, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எரிபொருளில் உலர்த்தலாம். அது எப்படி என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

வெப்பம் எவ்வளவு தேவை?

வீட்டு அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் வையுங்கள். கொதி சீக்கிரம் வந்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் பாத்திரம் வறண்டு போக நெடுநேரம் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பத்தை ஒரு கிலோ கலோரி என்கிறோம். 30 டிகிரித் தண்ணீரைக் கொதிக்கவைக்க 70 கிலோ கலோரி போதும். கொதித்த தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வேண்டும். உலர்த்தியில் நாம் கொடுக்கும் வெப்பம் தேங்காயைச் சூடாக்குவதற்காக அன்று, அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்குவதற்காகவே. எல்லாம் சேர்த்து ஒரு கிலோ தண்ணீருக்கு 600 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயிரம் தேங்காயை எடுத்துக்கொள்வோம். ஈரப் பருப்பு ஏறத்தாழ 260 கிலோ. அதில் பாதி தண்ணீர். இதை 6 விழுக்காடு ஈரமுள்ள கொப்பரையாக்கும்போது சுமார் 138 கிலோ நிற்கும். வெளியேறவேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 120 கிலோ. அதற்கு வேண்டிய வெப்பம் 72,000 கிலோ கலோரி. நன்கு காய்ந்த தொட்டி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். ஆக, ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 16 கிலோ தொட்டியே போதும்!

எந்த உலர்த்தியிலும் இது நடவாது. ஓர் உலர்த்தியில் இதே வேலைக்கு 64 கிலோ தொட்டி எரிகிறது என்று கொள்வோம். அதாவது 2,88,000 கிலோ கலோரி செலவு; பயன் 72,000. வெப்பத் திறன் 25 விழுக்காடு. மீதி 2,16,000 எங்கே போயிற்று? உத்தேசமாகப் பங்கிட்டால் புகைபோக்கி வழியே 1,15,000, சுவர் வழியே 54,000, வெளியேறும் காற்றோடு 47,000 என்று வரும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புகைபோக்கி

புகை நேரே பருப்பின் மேல் படும் பழைய சூளையில் இந்த இழப்பு குறைவு. ஆனால் அங்கே கொப்பரை கறுத்து, புகைநாற்றம் ஏறி, எண்ணெயின் தரமும் கெடுகிறது. ஆகவே புகை தனியாகவும், காற்று தனியாகவும் போகும் உலர்த்தியே நல்லது. இதில் புகை ஒரு குழாய்க்குள் போக, குழாயின் வெளிப்புறத்தைத் தொட்டுச் செல்லும் காற்று சூடேறுகிறது. குழாயின் சுவரைத் தாண்டாத வெப்பம் எல்லாம் வானத்துக்குப் போகிறது.

இதைக் குறைக்க மூன்று காரியங்கள் செய்யவேண்டும். முதலாவது, குழாயில் படியும் கரியைத் தவறாமல் சுரண்டி எடுப்பது. கரிப்படலம் வெப்பத்துக்குப் போர்வைபோல் ஆகிவிடும். இரண்டாவது, அடுப்புக்குப் போகும் காற்றை அளவோடு விடுவது. அடுப்பு வாயைத் திறந்தே போட்டால் தேவைக்கு மேற்பட்ட காற்று உள்ளே புகுந்து, சூடேறி, புகைபோக்கி வழியே ஓடிவிடும். காற்று மிகக் குறைந்தாலோ கரும்புகை கிளம்பும். புகை கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும் அளவில் அடைப்புத் தகட்டை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, காய்ந்த எரிபொருளையே போடுவது. ஈர மட்டையை எரித்தால், மட்டையின் தண்ணீரை ஆவியாக்கவே தீயில் ஒரு பங்கு செலவாகும்.

புகையின் வெப்பநிலை 20 டிகிரி குறைந்தால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு மிச்சம் என்பது கொதிகலன் ஓட்டுவோர் கையாளும் கணக்கு. ஆனால் புகையை மிகவும் குளிரவிட்டாலும் தாரும் ஈரமும் குழாயில் படிந்து அதை அரித்துவிடும். 150 டிகிரிக்குக் கீழே இறக்க முயலவேண்டாம்.

சுவரும் கதவும்

உலர்த்தியின் வெளித்தகட்டில் கையை வையுங்கள். கை சுட்டால் அந்தச் சூடு உங்கள் தொட்டியின் சூடு. உள்ளே 65 டிகிரி, வெளியே 30 டிகிரி இருக்கும்போது, காப்பில்லாத ஒற்றைத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 150 கிலோ கலோரி அளவுக்கு வெப்பத்தை வெளியே விடும். 15 சதுர மீட்டர் தகடு 24 மணி நேரத்தில் 54,000 கிலோ கலோரியை விட்டுவிடுகிறது. 120 கிலோ தண்ணீரை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தில் இது முக்கால் பங்கு!

இதற்கு மருந்து எளிது. தகட்டின் மேல் 5 சென்டிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு வைத்து, மெல்லிய தகட்டால் மூடினால் இந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். அதற்குப் பணமில்லையென்றால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடைவெளியில் நன்கு காய்ந்த உமிச்சாம்பலை நிரப்புங்கள். உமிச்சாம்பல் நல்ல வெப்பக் காப்பு. இடைவெளியை 10 சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளலாம். சாம்பல் நனைந்தால் பயனில்லை. ஆகவே மேலே கூரை அவசியம். சாம்பல் நாளடைவில் அமிழும். ஆண்டுக்கொரு முறை மேலே நிரப்பவேண்டும்.

கதவின் விளிம்பைச் சுற்றிலும் ஊதுவத்தியைக் கொளுத்திக் காட்டுங்கள். புகை ஆடும் இடமெல்லாம் ஓட்டை. வெப்பம் தாங்கும் கயிற்றுப் பட்டையை வைத்து அடையுங்கள். கொப்பரையைப் பார்க்க அடிக்கடி கதவைத் திறப்பதையும் விடவேண்டும். சிறு கண்ணாடிச் சாளரமும், கதவில் பொருத்திய வெப்பமானியும் இருந்தால் திறக்கவேண்டிய தேவையே வராது.

வெளியேறும் காற்று

பெரும்பாலோர் கவனிக்காத வழி இதுதான். காசு செலவில்லாமல், கைத்திறத்தால் மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடிய வழியும் இதுவே.

முதலில் ஒரு செய்தி. மழைநாளில் காற்று ஈரமாயிருக்கிறதே, அதைச் சூடாக்கி என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. 25 டிகிரியில், 95 விழுக்காடு ஈரப்பதமுள்ள மழைக்காற்றை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 12 விழுக்காடாக இறங்கிவிடும். 30 டிகிரியில், 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள நல்ல நாள் காற்றைச் சூடாக்கினாலும் அதே 12தான். காற்றைச் சூடாக்கச் சூடாக்க அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு பெருகுவதே இதற்குக் காரணம். எனவே மழைநாளிலும் உலர்த்தி தளராமல் வேலை செய்யும்.

இப்போது காற்றின் போக்கைப் பார்ப்போம். தொடக்கத்தில் பருப்பு நிறைய ஈரம் விடும். உள்ளே போன சூடான காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு, நன்றாகக் குளிர்ந்து வெளியே வரும். அது வேலை முடித்த காற்று. அதை வெளியே விடத்தான் வேண்டும். ஆனால் பிற்பகுதியில் பருப்பின் உள்ளிருந்து ஈரம் மெல்ல மெல்லத்தான் மேலே வருகிறது. அப்போது 65 டிகிரியில் உள்ளே போகும் காற்று 58 டிகிரியில் வெளியே வருகிறது. 30 டிகிரியிலிருந்து 65 வரை 35 டிகிரி ஏற்றினோம். அதில் 7 டிகிரி மட்டுமே பயன்பட்டது. மீதி 28 டிகிரியை வெளியே வீசுகிறோம்.

அதற்குப் பதிலாக, அந்தக் காற்றில் முக்கால் பங்கைத் திருப்பி விசிறிக்கே அனுப்பி, கால் பங்கு மட்டும் புதுக்காற்றைச் சேர்த்தால் என்ன ஆகும்? கலந்த காற்று 51 டிகிரியில் இருக்கும். அதை 65க்குக் கொண்டுவர 14 டிகிரி ஏற்றினால் போதும். 35 டிகிரி ஏற்றிய இடத்தில் 14. அந்த நேரத்தில் காற்றுக்குத் தேவையான வெப்பம் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது.

ஆனால் எந்த நேரத்தில் மூடுவது என்பதில்தான் சூட்சுமம். தொடக்கத்திலேயே மூடிவிட்டால் உள்ளே ஈரம் தேங்கி, பருப்பு வெந்ததுபோல் ஆகி, பிசுபிசுப்பும் பூசணமும் பிடிக்கும். இதை அறிய இரண்டு வெப்பமானிகள் போதும். இரண்டையும் காற்று வெளியேறும் வாயில் வையுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, துணியின் நுனியைத் தண்ணீர்ப் புட்டியில் விடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 5 டிகிரிக்குக் குறைந்தால் காற்று ஈரம் நிறைந்துவிட்டது, வெளிவாயைத் திறக்கவும். வேறுபாடு 15 டிகிரிக்கு மேல் போனால் காற்றுக்கு இன்னும் தாகம் இருக்கிறது. வெளிவாயைக் குறைத்துக் காற்றைச் சுழலவிடவும். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே வைத்திருப்பதே உலர்த்தி ஓட்டும் கலை எனலாம்.

அடுக்குவதும் ஓட்டுவதும்

சுவர் வழியே போகும் வெப்பம் உள்ளே ஆயிரம் தேங்காய் இருந்தாலும் ஒன்றுதான், ஐந்நூறு இருந்தாலும் ஒன்றுதான். பாதிப் பாரத்தில் ஓட்டினால் தேங்காய்க்கு விழும் செலவு கூடிவிடும். உங்களிடம் காய் குறைவாயிருந்தால் பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து ஒரே நாளில் உடையுங்கள்.

வெயில் அடிக்கும் நாளில் முதல் பகல் முழுவதும் களத்திலேயே காயவிடுங்கள். வெயில் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு 10 கிலோ தண்ணீரும் 6,000 கிலோ கலோரி மிச்சம். மாலையில் உலர்த்தியில் ஏற்றலாம். மழைநாளாயிருந்தால் உடைத்த அன்றே ஏற்றிவிடவேண்டும். இளநீரை முழுவதும் வடித்து, மூடிகளை முதலில் வாய் மேலாக அடுக்குங்கள். பருப்புச் சுருங்கித் தொட்டியை விட்டு விலகியதும் தோண்டியெடுத்துவிட்டுப் பருப்பை மட்டும் உள்ளே வைக்கவும். தொட்டியைக் கடைசிவரை உள்ளே வைத்துச் சூடாக்குவது வீண்செலவு.

காற்று எப்போதும் எளிதான வழியையே தேடும். தட்டின் ஒரு மூலை காலியாயிருந்தால் காற்றெல்லாம் அந்தச் சந்திலேயே ஓடிவிடும். நிறைந்த இடத்தில் பருப்பு ஈரமாகவே கிடக்கும். ஆகவே தட்டுகளைச் சமமாகப் பரப்பி, ஓரச் சந்துகளைத் தகட்டால் மறைக்கவும். இடையில் ஒருமுறை மேல்தட்டைக் கீழும் கீழ்த்தட்டை மேலும் மாற்றினால் எல்லாம் ஒரே சமயத்தில் காயும். ஒரு தட்டு காயவில்லை என்பதற்காக மற்ற தட்டுகளையும் சேர்த்துச் சூடாக்குவது எரிபொருளுக்கும் கேடு, கொப்பரைக்கும் கேடு.

உள்ளே வெப்பநிலையை 60 முதல் 65 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 70ஐத் தாண்டவேண்டாம். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் பருப்பின் மேற்புறம் இறுகி, உள்ளிருக்கும் ஈரம் வெளிவர வழியின்றித் தங்கிவிடும். வெளியே பழுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும் அந்தக் கொப்பரை மூட்டைக்குள் போனபின் பூசணம் பிடிக்கும்.

பிற்பகுதியில் விசிறியின் வேகத்தையும் குறைக்கலாம். அப்போது உலர்வது பருப்பின் உள்ளிருந்து ஈரம் மேலே வரும் வேகத்தைப் பொறுத்தது. வெளியே காற்றை விரட்டுவதால் அதிகப் பயனில்லை. வேகம் மாற்றும் வசதியுள்ள விசிறியில் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு ஏறத்தாழ பாதியாகும்.

முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொட்டி போடுவதை நிறுத்திவிடுங்கள். அடுப்பில் கனன்றுகொண்டிருக்கும் கங்கும், சூடேறிய சுவரும் மீதி வேலையை முடித்துவிடும். கொப்பரை நன்றாக ஆறியபின்தான் மூட்டை பிடிக்கவேண்டும்; சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துவிடும்.

அளந்து பாருங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அடுப்பில் போடுவதை நாம் அளப்பதில்லை. உலர்த்தியின் அருகே ஒரு தராசும் ஒரு நோட்டும் வையுங்கள். உள்ளே வைத்த பருப்பின் எடை, எடுத்த கொப்பரையின் எடை, எரித்த தொட்டியின் எடை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். தொட்டியோடு உள்ளே வைத்தால், பின்னர் தோண்டியெடுத்த தொட்டியின் எடையைக் கழித்துக்கொள்ளவும். போன தண்ணீரின் எடையை 600 ஆல் பெருக்கி, எரித்த தொட்டியின் எடையை 4,500 ஆல் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்து, நூறால் பெருக்கினால் உங்கள் உலர்த்தியின் வெப்பத் திறன் விழுக்காட்டில் கிடைக்கும்.

முன்னே சொன்ன உலர்த்தியையே எடுத்துக்கொள்வோம். சுவருக்குக் காப்பு வைத்தால் 54,000 என்பது 11,000 ஆகிறது. காற்றைச் சுழலவிடுவதால் 47,000 என்பது 24,000 ஆகிறது. தண்ணீருக்கு வேண்டிய 72,000 அப்படியே. ஆக உள்ளே வேண்டியது 1,07,000. புகைபோக்கியில் ஒன்றும் திருத்தாமல், எரித்ததில் 60 விழுக்காடே உள்ளே சேர்கிறது என்றாலும், 40 கிலோ தொட்டி போதும். வெப்பத் திறன் 25லிருந்து 40 விழுக்காடாகிறது. ஒரு தடவைக்கு 24 கிலோ மிச்சம். ஆண்டில் 50 தடவை ஓட்டினால் 1,200 கிலோ தொட்டி விற்பனைக்கு நிற்கும். உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புக்குப் போட்ட முதல் எத்தனை நாளில் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பெண்கள் மகளிர் குழுவில் சேர்ந்து கம்பு, கேழ்வரகு பிஸ்கட் சுடும் சுழல்காற்று அடுப்புக்கும் இதே கணக்குப் பொருந்தும். அங்கே உள்வெப்பம் 160, 180 டிகிரி என்று இருப்பதால் சுவரிலும் கதவிலும் போகும் இழப்பு இன்னும் அதிகம். கதவை இறுக்குவதும், தட்டுகளை நிரப்பி ஓயாமல் அடுத்தடுத்துச் சுடுவதும் அங்கே முதல் சிக்கனம்.

சில எச்சரிக்கைகள்

மின்சாரம் நின்று விசிறி ஓயும்போது அடுப்பின் காற்றுவாயை உடனே மூடவேண்டும். இல்லையேல் குழாயை ஒட்டிய கொப்பரை கருகும். எண்ணெய்ப் பசையுள்ள பொருளாதலால் தீப்பற்றவும் கூடும். தட்டிலிருந்து குழாய்மேல் விழும் துண்டுகளை ஒவ்வொரு முறையும் கூட்டி எடுக்கவும். புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் கொப்பரையில் புகைநாற்றம் காட்டிக்கொடுக்கும். ஓட்டையை அடைக்காமல் மறுமுறை ஓட்டக்கூடாது. அடுப்பு எரியும் கொட்டகையை நாற்புறமும் அடைத்துக்கொண்டு உள்ளே படுத்துறங்கவேண்டாம். மூட்டமாக எரியும் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

உழவர் பெருமக்களே! புது உலர்த்தி வாங்கும் முன் இருக்கும் உலர்த்தியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் கை சுடுகிறது, எந்த இடத்தில் ஊதுவத்திப் புகை ஆடுகிறது, வெளிவாயில் காற்று எத்தனை டிகிரியில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மழைக்காலத்தில் முதல் மூன்று தடவை ஒன்றும் மாற்றாமல் எடை போட்டு எழுதுங்கள். பிறகு கதவை இறுக்கி, காற்றைச் சுழலவிட்டு மூன்று தடவை எழுதுங்கள். காப்பு வைத்தபின் இன்னும் மூன்று தடவை. அந்த ஒன்பது வரிகள் உங்கள் உலர்த்தியைப் பற்றி நான் சொன்னதைவிட அதிகம் சொல்லும். நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.